கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. ஆகவே, காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் ஒரு வீட்டில், கையில் பணம் புழங்காத அதே வாரங்களில்தான் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணமும் வந்து நிற்கிறது. உதவித்தொகை அந்த நேரத்துக்கு வந்து சேராது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான திட்டங்களில், சேர்க்கை முடிந்து, கல்லூரி சான்றளித்து, மேல்நிலைச் சரிபார்ப்பும் நிறைவேறிய பிறகே பணம் வங்கிக் கணக்கில் வரவாகும். முதல் பருவக் கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டு, அதற்குப் பிந்தைய செலவுகளைக் கருதி விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் உங்களை நேரில் கண்டவர் அல்லர். உங்கள் தெருவும் வீடும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பவை சில சான்றிதழ்களும் ஒன்றிரண்டு பக்கக் கட்டுரையும் மட்டுமே. அவை ஒன்றையொன்று மறுக்காமல், எங்கே தொட்டுப் பார்த்தாலும் ஒரே குடும்பத்தையும் ஒரே மாணவரையும் காட்டுமானால் அந்த விண்ணப்பம் வலுவானது. மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தும் தேர்வானவர்கள் உண்டு. மதிப்பெண் நிறைந்திருந்தும் தாள்கள் முரண்பட்டதால் நின்றுபோனவர்கள் அதைவிட அதிகம்.

எவற்றுக்கு விண்ணப்பிப்பது

உதவிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தகுதி இருந்தால் உரிமையாகவே வருவன ஒரு வகை. போட்டியிட்டுப் பெற வேண்டுவன மற்றொரு வகை. முதல் வகைக்குக் கட்டுரைத் திறமை தேவையில்லை, தாள்கள் சரியாக இருந்தால் போதும். ஆனால் பலரும் இவற்றைப் பாதியிலேயே விட்டுவிட்டுத் தனியார் அறக்கட்டளைகளைத் தேடி ஓடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மாநகராட்சிப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகவே கணக்கிடப்படுகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இத்திட்டங்கள் பொருந்தும். இவற்றுக்குக் கல்லூரி மூலமாகவே பதிவு செய்ய வேண்டும். வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குரிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தனித் திட்டங்கள் உள்ளன. தொழிற்கல்வியில் சேர்பவர், குடும்பத்தில் எவரும் இதுவரை பட்டம் பெறவில்லையென்றால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவைத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்காக 2010-11 முதல் இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. பெற்றோரை இழந்தவர், கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை உண்டு. பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்; அவகாசம் குறைவாகவே தரப்படும்.

பெற்றோரின் தொழில் வழியாக வரும் உதவிகள் நம் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாதவை. கட்டுமானத் தொழிலாளர், மீனவர், தூய்மைப் பணியாளர், அமைப்புசாரா ஓட்டுநர் முதலியோருக்கான நலவாரியங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்குகின்றன. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் தருகிறது. அப்பாவின் வாரிய அட்டை அலமாரியில் எங்கோ இருக்கும். புதுப்பிக்காமல் காலாவதியாகியும் இருக்கும். அதைத் தேடியெடுத்துப் புதுப்பிப்பது, எந்த அறக்கட்டளைக்கும் கட்டுரை எழுதுவதைவிட முதலில் செய்யத்தக்கது.

போட்டி வகையில், ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகை முக்கியமானது. பிளஸ் டூ வாரியத் தேர்வில் தம் பிரிவில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்தவர், குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளநிலைப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ பெறுபவருக்கு இது கிடையாது என்பதால், எது உங்களுக்கு அதிகம் பயன் தரும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியியல், பாலிடெக்னிக் மாணவியருக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. தனியார் அமைப்புகளில் அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம், திறனறித் தேர்வு வழியாக முதலாண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் திட்டம் போன்றவற்றைக் கவனத்தில் கொள்ளலாம்.

தாள்கள்

முதலாவது இடறல் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முதலெழுத்து ஒரு பக்கம் இருக்கும். ஆதாரில் மறுபக்கம் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயரே விரிந்து நிற்கும். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வதுதான் வழி. ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகளே தரப்படுகின்றன. ஆகவே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டே மனுக் கொடுக்க வேண்டும். ஆதார் திருத்தம் முடிந்த பிறகு வங்கியில் திருத்தம், அதன் பிறகே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு. இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பச் செய்ய நேரும். ஒருமுறைப் பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண் உங்கள் படிப்புக்காலம் முழுவதற்குமானது என்பதால், அதை உங்கள் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டிலும் எழுதிவைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அக்கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருப்பது வேறு. ஒருவரின் ஆதார் ஒரு சமயத்தில் ஒரு வங்கிக் கணக்குடன் மட்டுமே இவ்வாறு இணைந்திருக்கும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி, பிறகு எவரும் தொடாமல் செயலிழந்துபோன கணக்குக்கு உதவித்தொகை அனுப்பப்பட்டுத் திரும்பிப்போவது இப்படித்தான். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, அங்கே காட்டப்படும் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் செலுத்தி விண்ணப்பித்துப் பெறலாம். இதில் பலரும் செய்யும் ஒரு காரியம், அக்கம்பக்கத்தில் எல்லாரும் போடும் ஒரு தொகையைத் தாமும் போட்டுவிடுவது. அந்த எண் வரம்புக்குள் இருப்பதால் அரசுத் திட்டங்களில் தப்பிவிடக்கூடும். தனியார் அமைப்பினர் வீட்டுக்கு வந்து வாடகை எவ்வளவு, தம்பியின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது, சான்றிதழில் உள்ள ஆண்டு வருமானத்தைவிட வாடகையே அதிகமாக வந்து நிற்கும். அம்மா வீட்டுவேலைக்குச் சென்று ஈட்டுவதும் வருமானமே. உண்மையான தொகை வரம்புக்குள் இருக்கும்போது அதைக் குறைத்துக் காட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. ஆனால் பழைய அட்டை வடிவில் இருந்தால் மின்வடிவச் சான்றிதழாக வாங்கிவிடுங்கள். திருவொற்றியூர், மாதவரம் வட்டங்களைச் சேர்ந்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வட்டங்கள் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. பழைய சான்றிதழில் திருவள்ளூர் என்றும் புதிய வருமானச் சான்றிதழில் சென்னை என்றும் இருப்பது இதனால்தான். படிவத்தில் இன்றைய மாவட்டத்தையே குறிப்பிட்டு, யாரேனும் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்கு வருபவர்களுக்கு மாவட்டம் இன்றும் திருவள்ளூர்தான். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையிலுள்ள சிங்காரவேலர் மாளிகையில், கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் தீராத ஐயங்களை அங்கே நேரில் கேட்கலாம்.

மதிப்பெண் சான்றிதழ் முதலியவற்றை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் சேமித்துவைப்பது எல்லாருக்கும் சொல்லப்படும் அறிவுரைதான். 2015-லும் 2023-லும் வெள்ளம் புகுந்த தெருக்களில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுரை

போட்டி வகை உதவித்தொகையில் தேர்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த ஒரு பக்கம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் எழுதுவது கீழ்க்கண்டவாறு இருக்கிறது:

‘நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன். என் தந்தை இரவு பகலாக உழைக்கிறார். எனக்குப் படிப்பில் மிகுந்த ஆர்வம் உண்டு. தாங்கள் உதவினால் என் கனவு நனவாகும். நான் சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் இதே பத்தியை வேறு எவரும் தம்முடையது என்று கொடுத்துவிடலாம். படிப்பவர் இரக்கப்படுவார், அடுத்த விண்ணப்பத்தைப் படித்ததும் மறந்துவிடுவார். அதே மாணவர் இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

‘என் தந்தை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். படகுகள் கடலுக்குப் போகாத நாளில் அவருக்குக் கூலி இல்லை. தடைக்காலத்தில், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, என் தாய் தண்டையார்பேட்டையில் இரண்டு வீடுகளில் சமைத்து ஈட்டும் பணத்தில் குடும்பம் நடக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து அந்த இரண்டு மாதங்களிலும் எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் வந்த பணத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்களை வாங்கினேன்.’

இங்கே ‘ஏழ்மை’ என்ற சொல்லே வரவில்லை. வருமானம் ஏன் நிலையற்றது என்பது காரணத்துடன் தெரிகிறது. அந்தக் காரணம் எவரும் சரிபார்க்கக்கூடியது. தாயின் வருமானம் மறைக்கப்படவில்லை. மாணவர் என்ன செய்தார் என்பது மெச்சிக்கொள்ளாமல் சொல்லப்பட்டிருக்கிறது. தந்தை மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ, வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுநராகவோ, மூலக்கொத்தளத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவராகவோ இருந்தாலும் முறை இதுவே: என்ன வேலை, பணம் எப்போது வரும், எப்போது வராது, வராதபோது வீடு எப்படி நடக்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன. பிறர் எழுதிய கட்டுரையைப் பார்த்து உங்கள் வீட்டில் நடக்காததை எழுத வேண்டாம். நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எதிர்காலத்தைப் பற்றிய பகுதியில் பெரும்பாலோர் ஐ.ஏ.எஸ். ஆவதாக எழுதிவிடுகிறார்கள். ஆக விரும்புவதில் தவறில்லை; ஆனால் சேர்ந்திருக்கும் பாடத்துக்கும் அந்த ஆசைக்கும் நடுவில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது சொல்லப்படாவிட்டால் அது வெறும் சொல்லாகவே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலைகளும் படகுகளும் பாழானதைக் கண்ட ஒரு மாணவி, வேதியியல் படித்து நீர்த்தரப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிய விரும்புவதாக எழுதினால், அந்த விருப்பத்துக்கு ஓர் ஊரும் ஒரு காரணமும் இருக்கின்றன. வணிகவியல் படிப்பவர், நலவாரிய விண்ணப்பங்களைத் தம் தெருவினருக்கு நிரப்பிக்கொடுத்த அனுபவத்திலிருந்து தொடங்கலாம். மிகச் சிறிய இலக்கானாலும், அதற்கான அடுத்த இரண்டு படிகளைச் சொல்லத் தெரிந்திருப்பது போதும்.

ஏதேனும் ஒரு தேர்வில் மதிப்பெண் சரிந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அதற்காக ஒரு பக்கம் புலம்பவும் வேண்டாம். காரணம் ஒரு வாக்கியம், பிறகு எப்படி மீண்டீர்கள் என்பது ஒரு வாக்கியம். பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகளைக் கேட்கும் கட்டத்தில், மேடையேறிப் பரிசு வாங்கியதை மட்டுமே எழுத வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுவதும், ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகுவதும் எழுதத்தக்கவையே. பள்ளி முடிந்து வந்து தங்கையைப் பார்த்துக்கொள்வதும், விடியற்காலையில் அம்மாவின் கடைக்கு மாவு தூக்கிக் கொடுப்பதும்கூட எழுதத்தக்கவை. எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள் என்று சேர்த்து எழுத வேண்டும்.

செலவுக் கணக்கு கேட்கப்பட்டால் அதைத் தனித்தாளில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூல்கள், ஆய்வகப் பதிவேடு, எண்ணூரிலிருந்து வருபவரானால் ரயில் சீசன் டிக்கெட், இவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து ஏற்கெனவே கிடைக்கும் உதவிகளைக் கழித்து, எஞ்சும் தொகையைக் கேட்க வேண்டும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பரிசீலிப்பவருக்கும் தெரியும். அங்கே பேருந்துச் செலவு என்று ஒரு மாணவி பெருந்தொகை எழுதினால், மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

கட்டுரையை ஆங்கிலத்தில் கேட்கும் அமைப்புகள் உண்டு. முதலில் தமிழில் முழுமையாக எழுதி, ஆசிரியர் ஒருவரின் துணையுடன் எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பிரவுசிங் சென்டரில் வைத்திருக்கும் மாதிரியையோ, கணினி ஆக்கித்தரும் பளபளப்பான பத்தியையோ அப்படியே ஒட்டினால், ஒரே கட்டுரை பல பெயர்களில் போய்ச் சேரும். நேர்காணலில் அந்த ஆங்கிலத்தை நீங்களே பேச வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டில் அமர்ந்து எழுத இடமில்லாதவர்கள் பக்கத்து நூலகத்துக்கோ, கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்கோ செல்லலாம்.

பரிந்துரைக் கடிதமும் நேர்காணலும்

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவதைவிட, உங்களை நன்கு அறிந்த வகுப்பாசிரியரிடம் வாங்குவது மேல். வார்டு உறுப்பினரின் பெயர் அச்சிட்ட தாளில் வரும் ‘நல்லொழுக்கம் உடையவர்’ என்ற இரண்டு வரி எதையும் தெரிவிப்பதில்லை. கடைசி நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கேட்டு, உங்கள் மதிப்பெண்கள், செய்த செயல்கள், விண்ணப்பிக்கும் திட்டத்தின் நோக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், ஆசிரியருக்கு எழுதுவது எளிதாகும். கடிதமும் உங்கள் கட்டுரையோடு ஒத்துவரும்.

தனியார் அமைப்புகள் தொலைபேசியிலோ நேரிலோ பேசுவார்கள். சிலர் வீட்டுக்கும் வருவார்கள். வீட்டை அதற்காக மாற்றியமைக்கத் தேவையில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிய குடும்பங்களும் உண்டு. வருபவர்கள் அதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். பெற்றோரிடம் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை முன்பே படித்துக் காட்டிவிடுங்கள். அப்பா ஒரு தொகையும் நீங்கள் வேறொரு தொகையும் சொல்லும் சங்கடம் இதனால் நீங்கும்.

அனுப்புவதும் அதன் பிறகும்

விண்ணப்பத்தில் தரும் கைப்பேசி எண் உங்களிடமோ பெற்றோரிடமோ நிலையாக இருப்பதாக இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் நின்றுபோகும் எண்ணுக்கும், பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணுக்கும் ஓ.டி.பி. போனால், அடுத்த ஆண்டு உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திறக்க முடியாது. கடவுச்சொல்லையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களையும், வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் வங்கி விவரம் கேட்பவர்களையும் அணுகவே வேண்டாம்.

சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதால் நின்றுபோகும் விண்ணப்பங்கள் ஏராளம். தேசிய இணையதளத்தில் உங்கள் விண்ணப்பத்தை முதலில் கல்லூரிதான் சரிபார்க்க வேண்டும். அச்சுப்படியையும் சான்றிதழ் நகல்களையும் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை இணையத்தில் நிலையைப் பார்க்க வேண்டும். குறை இருப்பதாகத் திருப்பி அனுப்பப்பட்டால் நிராகரித்துவிட்டார்கள் என்று பொருளல்ல. குறித்த நாளுக்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம். கல்லூரி எழுத்தர் பல நூறு விண்ணப்பங்களுக்கு நடுவில் இருப்பவர். அவரிடம் கோபிப்பதைவிட, விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பது விரைவில் பலன் தரும்.

பெரும்பாலான உதவித்தொகைகளை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். ஒன்றிய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. தனியார் அமைப்புகளில் அரியர் இருந்தால் அடுத்த தவணையை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் வருகைப் பதிவை மாதந்தோறும் பார்த்துவர வேண்டும். குறைந்த பிறகு மருத்துவச் சான்றிதழ் தேடுவது பயன் தராது. இரண்டாம் ஆண்டுக்கான வருமானச் சான்றிதழுக்குக் கல்லூரி திறந்த உடனேயே மனுக் கொடுத்துவிடுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது இ-சேவை மையங்களில் கூட்டமும், இணையதளத்தில் நெரிசலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும்.